நடுவில் கோடு

வாழைச்சேனையை இங்கிலீஷில் எழுதினால்
சீ எத்தனை, எச் எத்தனை என்று
தபால் கந்தோரிலேயே தகராறு.
ஊர்ப்பெயர் வேண்டாம் என்றேன்.

'வலை' வைப்போம் என்றான் பர்ஸான்.
மீன் விற்கிறோம், பொருத்தம்தான்.
தட்டிப் பார்த்தால்
வலை, வளை, வாளை, வாழை
நாலும் அதே ஐந்து எழுத்தில் வந்து விழுந்தன.
அதையும் எவனோ முந்தி வாங்கி
ஒன்றும் விற்காமல் பூட்டி வைத்திருக்கிறான்.

நடுவில் ஒரு கோடு போட்டால் கிடைக்குமாம்.
ஐஸ் வாடி வாசலில், ஜெனரேட்டர் இரைச்சலுக்குள்
கொழும்பு ஹோட்டல்காரருக்குக் கத்தினேன்:
"நடுவில கோடு, அண்ணன், கோடு!"
"கோட்டிலயா? என்ன வழக்கு, தங்கச்சி?"

பின்னேரம் ஓட்டமாவடிப் பாலத்தில்
பர்ஸான் பைக்கை நிறுத்தினான்.
கீழே ஒரு தோணி.
வழக்கம்போல் குனிந்து கேட்டான்,
"மீனிருக்கா?"
காற்றையும் இரண்டு லொறியையும் தாண்டி
ஒரு சொல் மேலே வந்தது,
ஓர் எழுத்தும் சிந்தாமல்:
"மீனிருக்கு!"

கே ஒன்றா இரண்டா என்ற சண்டையில்
இரண்டு பெயரையும் வாங்கினோம்.
ஒரு வருசத்துக்குக் காசு கட்டியாயிற்று.

இனி
மீன் இருக்க வேண்டும்.