தொடர்ச்சி பார்ப்பவள்

பர்னபியில் மழை. ஆறாம் அரங்குக்குள்
விண்கலத்தின் ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி.
துணியில் துளைகள்; அவைதாம் நட்சத்திரம்.
என் மடியில் பைண்டர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
கோப்பை எந்தக் கையில் இருந்தது,
எந்தச் சொல்லில் கதவு திறந்தது,
நெற்றி ரத்தம் புருவத்தைத் தொட்டதா, தாண்டியதா
என்று எழுதி வைப்பது என் வேலை.

ஒரு அத்தியாயத்துக்குள் மயிரிழை பிசகாது.
அதைத் தாண்டி
எனக்கு அதிகாரம் இல்லை.

பன்னிரண்டாவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.
தூக்கத்தை நாணயமாகச் செலவழிக்கும் ஊர்.
கடன்காரன் ஒருவன் பதினோரு இரவுகளை எண்ணிக் கொடுத்து
மகளுக்கு ஒரு கனவு வாங்குகிறான்.
கோக்விட்லம் கல்குவாரியில் எடுத்தோம்
(எங்கள் கிரகங்கள் எல்லாமே அந்தக் குவாரிதான்,
மரங்களை மட்டும் ஊதாவாக்கிவிடுவோம்).
ஜெனரேட்டர் ஓட்டுபவர்கூட மூக்கைச் சிந்தினார்.
நாற்பத்திரண்டு நிமிடத்தில் ஓர் உலகைக் கட்டி,
கூரை வேய்ந்து, கொளுத்தியும் விட்டார்கள்.
எனக்கு அப்படி எழுத வராது.

பதினேழாவதில் ஓரனின் தம்பி செத்தான்.
காற்றறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓரன்,
அந்தப் பக்கம் தம்பி. குரல் போகாது.
இரண்டு உள்ளங்கைகள். எட்டு டேக்.
எட்டிலும் கை அதே இடத்தில்; நான் அளந்தேன்.

பதினெட்டாவதில் ஓரன் சீட்டாடுகிறான்.
கப்பல் சமையல்காரனைக் கிண்டல் செய்கிறான்.
வாசிப்பு மேசையில் கேட்டேன்:
“போன வாரம்தானே இவன் தம்பி செத்தான்?”
“எந்த வரிசையில் போட்டாலும் ஓடணும், தில்.”
திலகவதியையும் தயாரிப்பாளர்
அந்த அளவுக்குத்தான் வெட்டி வைத்திருந்தார்.

நியாயம்தான். இரவு இரண்டு மணிக்கு, ஏதோ ஒரு மோட்டலில்,
பாதியில் வந்து உட்காருகிறவனுக்கு
முன்கதை ஒரு பாரம்.
பாத்திரம் என்றுதானே சொல்கிறோம்;
தேய்த்துக் கவிழ்த்தால் அடுத்த சமையலுக்கு ஆச்சு.
ஆனால் என் வீட்டு இரும்புச் சட்டியில்
நேற்றைய மீன்
இன்றைய முட்டையிலும் கொஞ்சம் இருக்கிறது.

உடைப் பிரிவு மார்னியிடம் கேட்டு
தம்பியின் சீருடையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்தேன்.
ஓரனின் இடது மணிக்கட்டு மடிப்பில் அவளே தைத்தாள்.
பைண்டரில் ஒரு வரி:
ஓரன், இ.கை, பொத்தான், எப்போதும்.
ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்தொன்றில் அந்த நடிகர் கண்டுகொண்டார்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
வசனம் மற்றவர்களிடம் இருக்கும் நேரங்களில்
கட்டைவிரலால் அதைத் தடவ ஆரம்பித்தார்.
ஸ்கிரிப்டில் இல்லாதது.
எந்தச் சொல்லில் தொடுகிறார், எதில் விடுகிறார்
எல்லாம் குறித்தேன்; டேக்குக்கு டேக் பொருந்த வேண்டுமே.
வேற்றுக் கிரகத்துப் பிள்ளை ஒன்று
“உனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா?” என்று கேட்கும்
நாற்பதாவது கதையில்
“இல்லை” என்று எழுதியிருந்தார்கள். மறந்துவிட்டார்கள்.
அவர் “இல்லை” என்றுதான் சொன்னார்.
விரல் மட்டும் பொத்தானை விட்டு எடுபடவில்லை.
இயக்குநர் மானிட்டரில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் என் அப்பாவுக்குக் காரியம் முடிந்து
நான்காம் நாள் வேலைக்கு வந்திருந்தேன்.
“எப்படி இருக்கே, தில்?”
நல்லாயிருக்கேன் என்றேன், முதல் டேக்கிலேயே.

அறுபத்துமூன்றோடு நிறுத்திவிட்டார்கள்.
கலத்தை நான்கு பேர் ஒரு காலையில் பிரித்தார்கள்.
நட்சத்திரங்களைச் சுருட்டி வேனில் ஏற்றினார்கள்.
சர்ரேயில் ஏலம். மடக்கு நாற்காலிகள், ஆறிய காப்பி.
ஓரனின் சீருடையில் ஒரு சீட்டு:
“இடது கையில் உபரிப் பொத்தான். தையல் பிழை.
இருபது டாலர் தள்ளுபடி.”

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
அதற்குப் பிறகு நான் கை தூக்கினேனா, எந்தக் கை,
எந்தத் தொகையில் இறக்கினேன்
என்பதெல்லாம் பைண்டரில் இல்லை.