இருபத்தேழு கஜம்

தோற்பதற்கென்றே காசு கொடுத்துக்
கூட்டிவந்த அணி அது.
மூன்று லட்சம் டாலர், பேருந்துச் செலவு தனி.
வாருங்கள், அடி வாங்குங்கள்,
காசோலையோடு திரும்புங்கள் என்று ஏற்பாடு.
பருவத்தின் முதல் சனிக்கிழமை
எல்லாக் கல்லூரியும் செய்வதுதான்.
சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது
நாங்கள்தான்.

காலை ஏழுக்கே கார் நிறுத்துமிடத்தில்
டெல்பர்ட் அடுப்பு மூட்டிவிட்டான்.
பன்றி விலா, தோலோடு சோளம், புகை.
“முப்பது புள்ளியில் ஜெயிப்போம்”
என்றான் இடுக்கியை ஆட்டி.
நாற்பது என்றேன் நான்.
வாய்க்கு வரியா என்ன.

அயோவா வெயிலில்
அலுமினியப் பலகை தொடையைச் சுட்டது.
பதினெட்டு வருடமாக அதே இடம்.
விவாகரத்தில் வீட்டை விட்டுக்கொடுத்தேன்,
நாயையும்.
அந்த இருக்கையை விடவில்லை.

பதினொரு நொடி மிச்சம், இரண்டு புள்ளி பின்னே,
இருபத்தேழு கஜம்.
கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் போகும் தூரம்.
கோல்பி ரென்ஷா கண்ணைத் திறந்துகொண்டுதான் உதைத்தான்.
பந்து வலது கம்பத்தில் பட்டது.
அறுபதாயிரம் பேர் இருந்த இடத்தில்
அவ்வளவு சின்னச் சத்தம்
எல்லோருக்கும் கேட்டது.
ட்யூபா வைத்திருந்த பெண்
வெற்றிப் பாட்டை ஊதத் தொடங்கியிருந்தாள்,
பாதியில் நிறுத்தி
வாயைத் துடைத்துக்கொண்டாள்.

டெல்பர்ட் ஒன்றும் பேசவில்லை.
ஆறாத அடுப்பை அப்படியே தூக்கி
வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது மணிக்கு வானொலிக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிடக் காத்திருப்பு.
பயிற்சியாளரைத்தான் திட்ட நினைத்திருந்தேன், சத்தியமாக.
வாயில் வந்தது பையன்.
“அவன் உதவித்தொகையை
ஒரு கோவேறு கழுதைக்குக் கொடுங்கள்,
அதற்காவது உதைக்கத் தெரியும்.”
நடத்துகிறவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இழுவை வண்டி ஓட்டுவது என் பிழைப்பு.
பன்னிரண்டரைக்கு அழைப்பு வந்தது:
மைதானத்தின் கிழக்கு மூலை,
பழைய கார், பாட்டரி போய்விட்டது.
காலையில் வந்த பதற்றத்தில்
விளக்கை அணைக்காமல் போயிருக்கிறான்.
ஈரத் தலை.
வலது ஷூவின் கயிறு கட்டாமல் கிடந்தது.
பார்த்ததும் தெரிந்துவிட்டது.
தெரியாத மாதிரி பானட்டைத் திறந்தேன்.

சிவப்பு முனை, கறுப்பு முனை.
“இப்போ சாவியைத் திருப்பு.”
கார் இருமி இருமிப் பிடித்தது.
விளக்கு வந்தது,
மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் ஆடியது,
வானொலியும் வந்தது.
மறுஒலிபரப்பு.
“அடுத்து, மில் சாலையிலிருந்து ட்வைலா…”
நான்தான்.
நான் நினைத்திருந்ததைவிடக் கரகரப்பான குரல்.
கழுதை வரைக்கும் போனது,
அந்தச் சிரிப்பு முடியும் வரைக்கும் போனது.

அவன் அணைக்கவில்லை.
கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.
என் சட்டைப் பைக்கு மேலே
சிவப்பு நூலில் என் பெயர் தைத்திருக்கும்,
கம்பெனி தைத்துத் தந்தது,
எத்தனை முறை துவைத்தாலும் போகாது.
அவன் பார்வை அங்கே வந்து நின்றது.
பிறகு பாட்டரிக்குப் போனது.
“கேபிளைக் கழட்டிடலாமா?” என்றான்.

“கறுப்பை முதல்ல”
என்றேன்.
வேறெதுவோ சொல்லத்தான்
வாயைத் திறந்திருந்தேன்.

அறுபத்தைந்து டாலர்.
வேண்டாம் என்றால்
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.
வாங்கினேன்.
ரசீது கேட்டான்,
அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம்.
பானட்டின் மேல் தாளை வைத்துத்
தேதி போட்டேன், தொகை போட்டேன்.
தாளுக்கு அடியில் இன்ஜின் நடுங்கிக்கொண்டிருந்தது.
கீழே கையெழுத்துக்கென்று ஒரு கோடு.
பேனாவை உதறிப் பார்த்தேன்.
மை இருந்தது.