படி

ருஸ்தாவி எஃகு ஆலையின் மூன்றாம் கொட்டகையில்
உலை அணைந்து முப்பது ஆண்டு.
பிப்ரவரியில் படப்பிடிப்புக்காரர்கள் வந்து
மறுபடி நெருப்பு வைத்தார்கள்,
எரிவாயுக் குழாயில், அளவாக.

கதை எளிது.
ஒரு கோடீஸ்வரனின் உயிரணுவிலிருந்து
நாற்பது பேரை வளர்க்கிறார்கள், உதிரி உறுப்புக்காக.
நாற்பது பேரும் ஒருநாள் தப்பி ஓடுகிறார்கள்.
மீதியெல்லாம் துப்பாக்கி.

என் வேலை முகம் ஒட்டுவது.
நாயகனின் முகம் பெட்டி பெட்டியாக வந்திருந்தது,
சிலிக்கோனில், கடல் கடந்து,
மூக்கு நசுங்காமலிருக்கப் பஞ்சு அடைத்து.
விடிகாலை நான்கு மணிக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்:
வேலை போன வெல்டர்கள், ஒரு ரக்பிக்காரன்,
பல் மருத்துவம் படிக்கும் பையன்.
புதிதாய் மழித்த மண்டைகளில் ஆவி பறக்கும்.
"சிரிக்காதே, பிளந்துடும்" என்பேன்.
ஏழு மணிக்கெல்லாம் நாற்பதுக்கும் ஒரே முகம்.
அச்சில் வார்த்த மாதிரி, என்று மகிழ்வார் இயக்குநர்.
அதே கொட்டகையில்
அச்சு வார்த்தவர்களின் பிள்ளைகள்தான் உள்ளே நின்றார்கள்.

யார் எவரென்று எனக்கு மட்டும் தெரியும்.
மற்றவர்களைக் காதால்;
காதுவரை சிலிக்கோன் போதவில்லை.
ஜும்பெரை நடையால்.
வேறொரு படத்தில் குதிரை மேலே விழுந்த இடது முழங்கால்.
ஐந்தாறு எட்டுக்கு ஒருமுறை
ஒரு காற்புள்ளி வைத்து நடப்பான்.

விழுவது அவன் தொழில்.
இரும்புப் படிக்கட்டு, இருபத்திரண்டு படி.
மேலே சுடப்பட்டுக் கீழே வந்து சாக வேண்டும்.
முதல் தடவை புகை அதிகம்.
இரண்டாம் தடவை சுட்டவன் சிரித்துவிட்டான்.
மூன்றாம் தடவை அருமையாகச் செத்தான்,
கேமரா கண்ணாடியில் பனி.
ஆறாவதற்குப் பிறகு என் நாற்காலியில் வந்து அமர்ந்தான்.
நாயகனின் கன்னம் கிழிந்து
உள்ளே அவன் கன்னம் தெரிந்தது. அதிலும் சிவப்பு.
எது என் கலவை, எது அவனுடையது?
விரலால் தொட்டுச் சூடு பார்த்தேன்.
"எந்த மூஞ்சியைத் தைக்கணும்?"
"விலை உசந்ததை" என்றான்.

கடைசி வாரம் அவனை ஒரு கூண்டுக்குள் நிற்கச் சொன்னார்கள்.
சுற்றிலும் நூற்றறுபது கேமரா.
கறுப்பு உடுப்பில் வெள்ளைப் புள்ளிகள்.
நட. ஓடு. விழு. எழு. திரும்ப விழு.
ஆங்கிலத் தாளின் பதினோராம் பக்கத்தில் கையெழுத்து;
படியெடுக்கும் உரிமை, என்றென்றைக்கும், என்றிருந்ததாம்.
பல் மருத்துவப் பையன் படித்துச் சொன்னான்.
நான்கு நாள் கூலி கூடுதல்.
ஜும்பெர் சுடச்சுட லோபியானி வாங்கி வந்து
எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தான்.
மறுநாள் மற்ற முப்பத்தொன்பது பேரையும்
வேன் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபரில் படம் திபிலீசிக்கு வந்தது.
போனோம், நானும் அவனும் அவன் மனைவி மக்வாலாவும்.
நாற்பது பேர் நாலாயிரம் ஆகியிருந்தார்கள்.
ஆலையைக் காணோம், எங்கும் பாலைவனம்.
அடிவானம் நெடுக அந்த விலை உயர்ந்த முகம்
எங்களை நோக்கி நடந்து வந்தது.
மக்வாலா பாப்கார்னை மடியில் வைத்தாள்.
"ஜும்பெர்," என்றாள், "எல்லாரும் நொண்டுறாங்க."

பார்த்தேன்.
நாலாயிரம் இடது முழங்கால்.
முற்றுப்புள்ளி கிடைக்காத ஒரே வாக்கியம்
மணலில் வந்துகொண்டே இருந்தது.
அத்தனை கணினிகளில் ஒன்றுகூட
அதைப் பிழையென்று நினைக்கவில்லை.

கோடீஸ்வரன் துப்பாக்கியைத் தூக்கிக் கத்தினான்:
"உங்களில் யார் அசல்?"
இருட்டில் ஜும்பெர் கையை உயர்த்தினான்.
பின்வரிசையில் யாரோ,
"மறைக்குது, இறக்கு" என்றார்கள்.
இறக்கிக்கொண்டான்.

வெளியே வரும்போது அரங்கின் படிகளில்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாக இறங்கினான்.
நாங்கள் கீழே நின்றிருந்தோம்,
அவன் கோட்டையும் வைத்துக்கொண்டு.