குழலின் நீளம்

எஞ்சினோடு பெட்டியில் வந்த சைலென்சர்
நேர்மையான சாமான்.
இருமாது, கத்தாது,
ஏழரை சீசிக்கு அது போதும்.
எனக்குத்தான் போதவில்லை.

பாசையூரில் ஜெறாட்டிடம் போனேன்,
அவுட்போட் மோட்டர்களுக்கு ஒட்டுப்போடுகிறவன்.
கடதாசியில் கீறிக் காட்டினேன்:
ஒடுங்கின கழுத்து, மெல்ல விரியும் வயிறு,
வாலில் திரும்பவும் ஒடுக்கம்.
"எலி விழுங்கின பாம்பு" என்றான்.
மெல்லிய தகட்டைச் சுருட்டி
வெள்ளிப் பற்றாசு வைத்துத் தந்தான்.
காசு வேண்டாம், பறக்கவிடுகிற அன்றைக்குக் கூப்பிடு.

அதன் வேலை இப்படி.
எரிந்த மூச்சு குழலுக்குள் ஓடும்.
கதவு திறந்து கிடக்கிறதென்று
எரியாத புகையும் கொஞ்சம் பின்னாலே வெளிக்கிடும்.
வாலில் மோதித் திரும்புகிற அலை
அதைப் பிடரியில் பிடித்து உள்ளே தள்ள,
கதவு சாத்த வேண்டும்.
முந்தி வந்தாலும் பிழை.
பிந்தினால் சாத்தின கதவு.
குழலின் நீளம்தான் அதற்கு மணிக்கூடு.

கல்லுண்டாய் வெளி, காலை ஆறரை.
பொலிசுக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி சட்டைப்பையில்.
மெதனோலுக்குள் ஆமணக்கெண்ணெய்,
சின்னனில் பேதிக்கு மூக்கைப் பொத்திப் பருக்கிய அதே எண்ணெய்,
இப்போது ஆசையாய் மணக்கிறேன்.
கழுத்தில் மூன்று மில்லிமீற்றர் அரிந்தேன்.
பன்னீராயிரத்து நானூறு சுற்று.
இன்னும் மூன்று.
ஊசியை ஒரு கிளிக் திறந்து, அரைக் கிளிக் பூட்டி,
இன்னும் மூன்று.
ஏழாவது வெட்டில்
எஞ்சின் ஒரு கணம் தயங்கியது,
பிறகு பிடித்துக்கொண்டு ஏறியது:
பதினாலாயிரத்து எழுநூறு.
ஒரே சுருதி. மெல்லிசாய், மேலே, விடாமல்.
ஜெறாட் விசிலடித்தான்.

அப்போதுதான் கண்டேன்.
ஆடு மேய்க்கிற பராசத்தி அக்கா
உப்புத்தரையில் குந்தியிருந்தா,
ஒரு குட்டியை வயிற்றோடு இறுக்கி.
வானத்தைப் பார்க்கவில்லை.
பிளேன் என் காலடியில்தான் நின்றது,
அதையும் பார்க்கவில்லை.

நிப்பாட்டினேன்.
எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு கிட்ட வந்தா,
செட்டையை ஒரு விரலால் தொட்டா.
"வடிவாய்க் கிடக்கு தம்பி.
உந்தச் சத்தத்தை மட்டும்
வேற ஒண்டாய் வைக்கேலாதோ?
உது வண்டின்ரை சத்தம்."

ஜெறாட் கையைக் காற்சட்டையில் துடைத்தான்,
துடைத்துக்கொண்டே நின்றான்.
எனக்கும் கேட்டிருக்க வேண்டும்.
நான் எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரிந்ததை ஒட்ட முடியாது.
ஏழு வளையங்கள் உமரிச் செடிக்குள் கிடந்தன,
பிள்ளையின் காப்புப்போல.
குழல் விற்கிறவர்களின் அட்டவணையில்
வேகத்துக்கு நிரல் உண்டு, நிறைக்கு உண்டு, விலைக்கும் உண்டு,
அக்காவுக்கு ஒரு நிரல் இல்லை.
ஜெறாட் புதுக் கழுத்து வளைத்தான், அரை சாண் கூட.
பதினொன்றுக்கு ஆறைக் கழற்றி
பதின்மூன்றுக்கு நாலு காற்றாடி பூட்டினேன்.
இரண்டு கிழமை.
உச்சத்தை வேண்டுமென்றே கீழே இறக்குவது
உச்சத்தைத் தேடுவதைவிடச் சள்ளை.

பத்தாயிரத்து இருநூறு.
தடிமன் பிடித்த குரல்.
அக்கா தலையைச் சரித்துக் கேட்டா,
நான் பரீட்சை எழுதினவன்போல நின்றேன்.
"இப்ப வெங்காயத்துக்கு இறைக்கிற மிசின்" என்றா,
சொல்லிவிட்டுப் போய்விட்டா.

வளையம் அடித்துப் பார்த்தேன்.
உச்சியில் பெலன் காணாமல்
முதுகால் சரிந்து விழுந்து
ஒரு பனை உயரத்தில்தான் நிமிர்ந்தது.
ஜெறாட் தூஷணத்தில் கத்தினான்.
ஆடுகள்
தலை தூக்கவேயில்லை.