ஒண்டும் செய்யாது

ஆரையம்பதி முடிந்து
காத்தான்குடி தொடங்குகிற ஒழுங்கை.
மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி.
பிஸ்கற் எப்பவும் முன்னால்.
பின்னால் நான், கையில் போன் மட்டும்.

எதிரே சைக்கிளில் உதுமாலெப்பை.
அயன் மடிப்புக் குலையாத வெள்ளைச் சாரன், தொப்பி.
பாய்ந்தது.
அன்பாகத்தான் பாய்ந்தது, சத்தியமாக,
வால் முழு உடம்பையும் ஆட்டிக்கொண்டு.
“பயப்படாதீங்க, அது ஒண்டும் செய்யாது!”

சைக்கிளை நிறுத்தினார்.
முழங்காலுக்குக் கீழே
ஒரு நாக்கு நீளத்துக்கு ஈரம்.
பள்ளியில் பாங்கு தொடங்கிவிட்டது.
நாயைப் பார்த்தார், சாரனைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
வந்த வழியே கிறுகி மிதித்தார்.

ஏழு தரம் கழுவ வேணும்,
அதில் ஒரு தரம் மண் கலந்து
என்று மறுகா றிஸ்மினா சொன்னாள்,
வங்கியில் என் பக்கத்துக் கவுண்டர்.
“கடிச்சிருந்தா ஊசியோட போயிருக்கும்” என்று சிரித்தாள்.
முழுக்கச் சிரிக்கவில்லை.
காசை எண்ணி எண்ணிப் பிழைவிட்டேன் அன்றைக்கு.

மீன்பிடிச் சாமான் கடையில்
நைலோன் கயிறு, நாலு முழம்.
“தோணிக்கா?” என்றான் பொடியன்.
தலையாட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை.
அதே ஒழுங்கை, அதே நேரம்.
தூரத்திலேயே இறங்கி
மதிலோடு ஒட்டி உருட்டி வந்தார்.
பிஸ்கற் இழுத்த இழுவையில்
உள்ளங்கை எரிந்தது.
வாய் வரைக்கும் வந்தது அந்த வசனம்.

கயிற்றைக் கையில்
இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.