ஒற்றைப்படை மாதங்கள்

கானாடுகாத்தான் ஓட்டலில்
தங்கியிருந்த வெள்ளைக்காரர் கேட்டாராம்,
எந்த மாதம் வந்தால் பாம்பு பார்க்கலாம் என்று.
அவர் ஊரில் ஐப்பசியில் போய்ப் படுப்பது
பங்குனியில்தான் எழுந்து வருமாம்.
பனி உருகிய முதல் வெயிலுக்குக்
கல்மேல் வந்து கிடக்குமாம்.
தேதி குறித்து வைத்திருப்பார்களாம்.
மேனேஜர் என்னைக் கைகாட்டினார்:
'கரண்ட் கணக்கெடுக்கிற அம்மா.
வீடு வீடாகப் போகிறவங்க,
நோட்டு வச்சிருக்காங்க.'

நோட்டு இருக்கிறது.
முன்பக்கத்திலிருந்து யூனிட்,
பின்பக்கத்திலிருந்து பாம்பு.
நடுவில் எங்கேயோ இரண்டும் முட்டிக்கொள்ளும்,
அப்போது புது நோட்டு.

அவருக்கு வாசித்தேன்.
ஜனவரி, காலை எட்டரை,
ராம.பெ.லெ. வீட்டுப் பின்சுவர்.
கண்ணாடி விரியன் இரண்டு.
வெயில் நகர நகரத் தாமும் நகர்ந்தன,
சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி.
மார்ச். மீட்டர் பெட்டிக்குள்
நல்லபாம்பு கழற்றிய சட்டை.
கண் இருந்த இடத்தில்கூட
இரண்டு சின்ன வட்டம், கிழியாமல்.
மே. ஒன்றுமில்லை.
அக்கினி நட்சத்திரத்தில் பாம்புக்கும் வீட்டுக்காவல்.
விடியற்காலை ஊருணிக் கரைச் செம்மண்ணில்
ஒரு வளைந்த கோடு மட்டும்,
தண்ணீர் இருந்த இடம் வரை போய்த் திரும்பியிருந்தது.
ஜூலை. கல்குவாரி மேட்டில் இரண்டு சாரை
ஆளுயரம் எழும்பி முறுக்கிக்கொண்டன.
சாரையும் நல்லதும் சேருது என்று
ஒருவர் தோள்துண்டை எறிந்தார்.
இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண்,
இடத்தகராறு.
துண்டை எடுக்க ஆள் இல்லை, கிடந்தது.
செப்டம்பர். இரவு மழைக்கு மறுநாள்
செம்பாறை இடுக்கில் சுருட்டை விரியன்,
உடம்பை உடம்போடு தேய்த்து
ரம்பம் இழுத்தது.
நவம்பர். ஊருணி தளும்பியது.
தண்ணீர்ப்பாம்பின் வாயில் பாதித் தவளை.
மீதித் தவளை கத்திக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டார்.
பிறகு கேட்டார், மற்ற ஆறு மாதம்?

மற்ற ஆறு மாதம் நான் பள்ளத்தூரில்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு.
கானாடுகாத்தானின் ஜூன் எப்படியிருக்கும் என்று
பதினோரு வருடமாய் எனக்குத் தெரியாது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
மற்ற மாதமும் அப்படித்தான் என்றேன்.

கதவு பூட்டியிருந்தால்
போன தடவைக் கணக்கையே போட்டுவிடுவோம்.
ஆபீஸில் அது சட்டம்.

சவரியப்பனிடமும் அதையே போட்டேன்.
மரப்பாலீஷ் வேலைக்காரர்,
ராம.பெ.லெ. வீட்டின் பின்கட்டில்
போன சித்திரையில் குடிவந்தவர்.
பழைய தேக்குத் தூண்களை அடுக்கியபடி கேட்டார்,
இங்கே விரியன் உண்டா?
மே மாதம் ஐந்தாம் தேதி.
'அது மார்கழிப் பாம்பு,
இப்போ இருக்காது' என்றேன்.
மீட்டரில் நாற்பத்திரண்டு யூனிட்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி
தூணுக்கடியில் கைவிட்டிருக்கிறார்.
ஒரு சாண் நீளமாம், பிறந்து
இரண்டு நாள்கூட இருக்காதாம்.
காரைக்குடி பெரியாஸ்பத்திரியில்
பதினெட்டுக் குப்பி மருந்து.
உயிர் இருக்கிறது, நடுவிரல் இல்லை.
ஜூலையில் கணக்கெடுக்கப் போனபோது
அவர் என்னைத் திட்டவில்லை.
'நீங்க சொன்னது மார்கழிக்குச் சரி'
என்று மட்டும் சொன்னார்.

இந்த ஜூனில் லீவு போட்டுப் போனேன்.
கையில் மிஷின் இல்லை.
டார்ச்சும் நீளக் கம்பும்.
அவர் மனைவி தெரசம்மாள்,
'இப்பத்தானே கணக்கெடுத்தீங்க?'
இது வேற கணக்கு.

குனிந்தேன்.
தூண்களுக்கடியில்
கழுத்துச் சங்கிலி அறுந்து விழுந்தது போல் ஒன்று.
அதைத் தொட்டபடி இன்னொன்று.
ஏழு வரை எண்ணினேன்.
தாயைக் காணோம்,
அதற்கு இனி இவர்களோடு வேலையில்லை.
பார்த்துக்கொண்டேயிருந்தபோது
ஒன்று வாயைத் திறந்து, கொட்டாவிபோல்,
மூடியது.

காட்டிலாகாவுக்குப் போன் செய்தேன்.
அவர்கள் வரும்வரை
தெரசம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள்.
நோட்டை விரித்தேன்.
மேக்கும் ஜூலைக்கும் நடுவே
வரியே விட்டிருக்கவில்லை.
ஓரத்தில், குறுக்காக, நெருக்கி எழுதினேன்.
ஏழு என்று போட்டுவிட்டு
மறுபடியும் குனிந்து எண்ணினேன்.
ஒன்பது.