வெளிப்பூச்சுக்கு மட்டும்

தலவாக்கலை பாமசியில்
மூன்றாம் தட்டில் கிளிசரின்.
வெடித்த உதட்டுக்கும் குதிகாலுக்கும்
கொழுந்தெடுப்பவர்கள் வாங்குவார்கள்.
விஜிதரன் ஒருவன்தான்
போத்தலை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
இது எங்கேயிருந்து என்று கேட்டவன்.

கொழும்பிலிருந்து, என்றேன்.
அதுக்கு முந்தி?
பீப்பாயிலிருந்து.
அதுக்கும் முந்தி?
பனை எண்ணெயா, மாட்டுக் கொழுப்பா,
தொண்ணூற்றொன்பதரை வீதம் என்றால்
மிச்ச அரை வீதம் என்ன?

லேபிளில் இருந்ததைத்தான் வாசித்தேன்:
வெளிப்பூச்சுக்கு மட்டும்.

இன்னொன்றும் வேண்டுமாம், கிளைக்கோல்.
லொறி ரேடியேட்டருக்கு ஊற்றுகிறதை
கராஜில் ஒருத்தன் தருகிறேன் என்றானாம்.
அது வேற கிளைக்கோல் அக்கா, அது நஞ்சு
என்று எனக்கே வகுப்பெடுத்தான்.
சட்டைப்பையில் புடைத்திருந்தது
மச்சானிடம் இரவல் வாங்கிய ஆவிக்குழல்.

பகலெல்லாம் சல்லடை அறையில் நிற்கிறவன்.
முகமூடி கேட்டு மூன்று வருஷம்.
தேயிலைத் தூசுதானே,
சுத்தமான சாமான், என்றாராம் துரை.

நான் விற்கவில்லை.
அவன் கோபிக்கவுமில்லை.
கவுண்டரில் சாய்ந்து இருமினான்,
நீளமாக,
பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகுமளவுக்கு.
லேஞ்சியை மடிக்கும்போது பார்த்தேன்
உள்மடிப்பில் பழுப்பு,
முதல்தர டஸ்ட்டின் நிறம்.

'நானே கலந்தா
உள்ள என்ன போகுதுன்னு
எனக்குத் தெரியும்ல.'

போத்தலைத் துடைத்துத் திரும்ப வைத்தேன்.
அவன் விரல் ரேகை மட்டும்
தோளில் ஒட்டிக்கொண்டு போகவில்லை.

ஆறரைக்குக் கடை பூட்டினேன்.
ரோட்டை மூடிய பனியில்
மேல்மலையில் அடித்த களைநாசினி வாடை.
சால்வையால் மூக்கைப் பொத்தி
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்,
வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி.